கராம்பு காய வைத்த கம்ப்யூட்டர்

அலுவிகாரை,
மாத்தளை.
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் றெக்சனுக்கு,

மாதாவின் தயவில் நானும் அப்பாவும் சுகம், மழைதான் விடுகிறதாக இல்லை. கத்தாரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று பூசையில் வேண்டிக்கொண்டு வந்துதான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் "சரிம்மா சரிம்மா" என்று வைத்துவிடுவாய். இதை உன் ரூமில் இருக்கிற வினோஜன் நாளைக்கு லீவு முடிந்து வரும்போது கையில் தருவான், முழுதாக வாசி.

உன் அறைக் கம்ப்யூட்டருக்கு நீ கொடுத்துவிட்ட புது கிராபிக்ஸ் கார்டை வினோஜன் பத்திரமாகக் கொண்டுவந்தான். அம்மாடி, என்ன கனம்! ஆனால் மாட்டவில்லை மகன், கோபிக்காதே. மாட்டலாமென்று உன் அறைக்குப் போனவன் பிளக் கறுத்துப்போய் இளகியிருப்பதைப் பார்த்துவிட்டு, நேரே போய் வயரிங் செய்கிற பலீல் நானாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது லைட்டுக்கும் ஃபேனுக்கும் இழுத்த பழைய வயர், இருக்கிற கார்டே அயர்ன் பொக்ஸை அணைக்காம வச்ச மாதிரி கரண்ட் இழுக்குது, புதுசையும் மாட்டினா சுவருக்குள்ளயே பத்திக்கும்" என்றார். உடனே எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிட்டேன். நீ அங்கிருந்தே நெட் வழியாக இந்த மெஷினில் வேலை செய்யப் பார்த்து, மெஷின் கிடைக்கவில்லை என்று தவித்திருப்பாய். அந்தக் கட்டடப் படத்தைப் புது கார்டு இல்லாமல் முடிக்க முடியாது என்றாயே, அதை நினைத்தால் மனசு கேட்கவில்லை. ஆனாலும் அப்பாவை வைத்துக்கொண்டு நெருப்போடு விளையாட என்னால் முடியாது.

அந்த மெஷின் சூட்டால் எனக்கு உதவியும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. இந்த மழையில் கராம்பு பூஞ்சணம் பிடிக்கிறதே என்று சுளகோடு கொண்டுபோய் மெஷினுக்குப் பின்னால் வைத்தேனே, நீ கத்தாரிலிருந்து கோல் எடுத்து "அம்மா, மெஷின் கொதிக்குது, காத்து போற வழியை மறைச்சு என்ன வச்சீங்க?" என்று கேட்டாயே, அதைச் சொல்லி வினோஜன் இன்னும் சிரிக்கிறான். உன் அறை முழுக்க இப்பவும் கராம்பு வாசம்தான்.

அப்பாவும் பின்னேரம் மெஷின் ஃபேன் சத்தம் கேட்டவுடன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். குளிருக்கு இதமாக இருக்கிறது, முழங்கால் வலி குறைகிறது என்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மெஷினை அணைத்த பிறகும், நேற்று அந்தக் குளிரில் அதே கதிரையில் உட்கார்ந்திருந்தார். ஏன் இங்கே என்று கேட்டதற்கு, "தம்பி வேலைக்கு வர்ற நேரம்தானே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. குசினிக்குப் போய்விட்டேன்.

பலீல் நானா அடுத்த கிழமை மெயின் போர்டிலிருந்து உன் அறைக்குத் தனி வயர் இழுத்துத் தருவார். இழுக்கச் சொன்னதே அப்பாதான், கரண்ட் பில்லுக்கு முணுமுணுக்கிற அதே அப்பா. அதுவரைக்கும் மெஷினுக்கு வருகிற அந்த நேரத்துக்கு அப்பாவுக்கு ஒரு கோல் எடு மகன். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போனை வைத்துக்கொண்டே உன் வேலையைப் பார்.

தண்ணீர் நிறையக் குடி, ஏசிக்கு நேரே தலையை வைத்துப் படுக்காதே. வறுத்த மிளகாய்த்தூளும் காய்ந்த கராம்பும் வினோஜனிடம் இருக்கிறது. மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். புது கார்டு அலுமாரியில், சின்ன வயதில் நீ போட்ட புதுநன்மைச் சட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. போகுமுன் மாட்டி வைக்கிறேன், புது வயர் வந்ததும் போடுங்கள் என்றுதான் வினோஜன் சொன்னான், நான்தான் வேண்டாமென்றேன். ஈஸ்டருக்கு லீவு எடுத்து நீயே வந்து மாட்டு.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
சவரியம்மா