சங்கர் வீட்டுக்குப் போன முறுக்கு

நவ. 4, வெள்ளி

மழை. துணி காயவில்லை. பேக்டரியில் பாதிப் பேர் லீவு. கிள்ளானில் இறங்கி மாவு, எள், எண்ணெய். சீனி மறந்து போச்சு. பண்டமாரான் பஸ் லேட்.

இந்த வருஷமும் தீபாவளிக்கு முறுக்கு சுடத்தான் வேண்டுமாம் அம்மாவுக்கு. "நம்ம வீட்டுல யாரும் சாகலையே." ஆமாம், சாகவில்லை. தம்பி ரவி ஜெயிலில் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறான். செத்தது பின்வரிசை வீட்டுச் சங்கர். குத்தியது ரவி. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

நவ. 6, ஞாயிறு

காலை முழுக்க எண்ணெய்ச் சட்டி. வாசனை பின்வரிசைக்குப் போகக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தினேன். "மூச்சு முட்டுது லா, தொறடி" என்று அம்மா. திறந்தேன். வெட்கமாக இருந்தது.

சாவு வீட்டில் ஒரு வருஷம் பலகாரம் சுட மாட்டார்கள். அக்கம்பக்கத்தார் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வழக்கம். நாங்களும் அக்கம்பக்கம்தான். எந்த முகத்தோடு போவது?

அடுத்த வீட்டு பாக்கியம் அக்காவிடம் ஒரு டின் கொடுத்தேன். "லெட்சுமி ஆன்டிக்கு உங்க பலகாரத்தோட சேர்த்துக் குடுத்துடுங்க அக்கா. எங்க வீடுன்னு சொல்ல வேணாம்." லெட்சுமி ஆன்டி, சங்கரின் அம்மா. அக்கா ஒரு மாதிரி பார்த்தார். வாங்கிக்கொண்டார்.

அம்மாவுக்குத் தெரியாது.

நவ. 8, செவ்வாய். தீபாவளி

எண்ணெய்க் குளியல். பல்வலி. வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். முன்வீட்டுச் சீன அங்கிள் ஒரு கிரேட் ஆரஞ்சு சோடா கொண்டு வந்தார். ரவி எங்கே என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பாக்கியம் அக்கா: "குடுத்துட்டேன். வாங்கிக்கிட்டாங்க."

நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்கே என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நவ. 9, புதன்

லீவு. வெயில். கொடியில் துணி போடும்போது கேட்டில் லெட்சுமி ஆன்டி. மெலிந்துவிட்டார். உள்ளே வாங்க என்று சொல்ல வாய் வரவில்லை.

"பாக்கியம் குடுத்த முறுக்கை சங்கர் படத்துக்கு முன்னாடி வச்சேன். அப்புறம் ஒன்னு எடுத்துக் கடிச்சுப் பார்த்தேன். உங்கம்மா கைன்னு தெரிஞ்சிடுச்சு. வருஷா வருஷம் இங்கேருந்து பாக்கெட்டுல போட்டுக்கிட்டு வருவானே."

மன்னிச்சிடுங்க ஆன்டி என்றேன். காதில் விழாத மாதிரி நின்றார்.

"அங்க வச்சிருக்கவும் முடியல. அவன் முன்னாடியிருந்து எடுக்க எனக்குக் கை வரல. நீயே வந்து எடுத்துட்டுப் போ."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

பாசாருக்குக் காய் வாங்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சாவுக்குக்கூட நான் போகாத வீடு.