நான் திருத்தாத விடைத்தாள்

மகளே,

நீ அப்பா வீட்டுக்குப் போய் ஒரு மாதமாகிறது. ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

பள்ளியில் படிக்கும்போதே உன்னைப் போன்ற பிள்ளைகள் எழுதுகிற கல்லூரி வரலாற்றுத் தேர்வைத் திருத்த லூயிவில் நகரத்துக்கு வந்திருக்கிறேன். ஒரே கூடத்தில் ஆயிரம் ஆசிரியர்கள். ஏசி எலும்பைத் துளைக்கிறது.

எந்தத் தாளிலும் பெயர் இருக்காது. ஆனால் இன்று காலை வந்த தாளை எழுதிய கைக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய கேள்விக்குக் கீழே இப்படி இருந்தது: "பதில் எனக்குத் தெரியும். எங்கம்மாதான் இந்தப் பாடம் எடுக்கிறாங்க. சாப்பாட்டு மேசையிலயும் இதே பாடம்தான். அதனால எழுத மாட்டேன்."

"என்ன டீச்சர், தூங்கிட்டீங்களா? மத்தவங்க பத்து தாள் முடிச்சாச்சு!" என்றார் எங்கள் மேசையை மேற்பார்வை செய்யும் ட்வைட்.

தெரிந்த கையெழுத்தென்றால் அவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. யாருடையது என்று சொல்லாமல் கொடுத்தேன். படித்துவிட்டு, "பாவம்ங்க அந்தம்மா!" என்று சிரித்தார். மதிப்பெண் இடத்தில், பதிலே இல்லை என்பதற்கான வெறும் கோடு போட்டார். நானும் சிரித்து வைத்தேன். அதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மூன்று முறை காபி எடுக்கப் போய் வெறுங்கையோடு திரும்பினேன்.

வீட்டுக்கு வா. மேசையில் வேறு எதையாவது பேசுவோம்.

அந்தத் தாளில் இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. நான் திருத்தவில்லை.

அம்மா