அக்கா பேச்சைக் குறைத்தபோது

என் வாயாடி அக்கா சரோஜாவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் உன் பேச்சைக் கேட்க ஆள் கிடைத்ததா? கிடைத்திருந்தால் அவர்கள் காது பாவம்தான். ராஜகீழ்ப்பாக்கத்தில் உன் இட்லிக் கடைக்கு வந்தவர்கள் எல்லாம், கேட்காமலே ஊர்க்கதை முழுவதையும் தெரிந்துகொண்டு போனவர்கள். இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை வந்திருக்கிறது. தாண்டிப் போகும்போது வண்டியைக் கொஞ்சம் வேகமாகவே ஓட்டுகிறேன்.

நீ வாட்ஸப்பில் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறும்போது கேட்க ஆரம்பித்தால் குரோம்பேட்டை தாண்டியும் முடியாது. வாடகைக்கு இருந்த காலத்தில் அதுதான் எனக்குக் காலை நியூஸ். பிறகு அங்கேயே ஃப்ளாட் வாங்கி, உன்னைக் கேட்காமல் கிரகப்பிரவேசத்துக்குத் தேதி குறித்தேன். உனக்கு வருத்தம். விசேஷத்துக்கு வந்தாய், ஆனால் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாய். லிஃப்ட் அப்போது ஓடவில்லை. மூணாவது மாடிக்கு வா என்றதற்கு, "நீ போடா, நான் இங்கயே கீறேன்" என்றாய். மேலே பால் பொங்கும்போது நீ பக்கத்தில் இல்லை. வந்தவர்கள் அக்கா எங்கே என்று கேட்கக் கேட்க எனக்கு முகத்தில் அடித்தாற்போல் ஆயிற்று.

அதோடு வாய்ஸ் மெசேஜ் நின்றது. வெறும் கட்டைவிரல் படம் மட்டும் வந்தது. போன் செய்தால் "ம்" என்பாய். சாப்பிட்டாயா என்றால் "ஆச்சு" என்பாய். நானும் முறுக்கிக்கொண்டேன். எத்தனை நாளைக்குத்தான் வீம்பு பிடிப்பாள், பார்க்கலாம் என்று வீட்டில் சொன்னேன்.

உனக்கு நுரையீரல் நோய் இருப்பது தெரியாமல் இல்லை. விறகடுப்புப் புகையை இத்தனை வருஷம் குடித்ததில் வந்தது என்று சொல்லி டாக்டர் வாயில் வைத்து உறிஞ்சும் பம்ப் கொடுத்திருந்தார். அது அடங்கிக் கிடந்துவிட்டு, சில நாட்களிலேயே மளமளவென்று மோசமாகும் என்பதுதான் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. வழக்கத்தைவிட அதிகமாக மூச்சு வாங்கினாய், சளி மஞ்சளும் பச்சையுமாக மாறியது, படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாய் என்று மாமா பிறகு சொன்னார். மழைக்காலச் சளி என்று உனக்கு இருமல் டானிக் வாங்கிக் கொடுத்திருக்கிறார். உன் புருஷனை நான் என்ன சொல்ல, என் லட்சணம் அதைவிட மோசம்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உனக்குப் பாதி நினைவு இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. டாக்டரம்மா எங்களைப் பார்த்து, "இவங்க பேச்சு எப்போ குறைய ஆரம்பிச்சது?" என்று கேட்டார். மாமா முழித்தார். எனக்குத் தெரியும், அக்கா. எந்தக் கிழமையிலிருந்து என்றுகூடத் தெரியும். நீ பேசாத நாட்களை எண்ணிக்கொண்டு இருந்தவன் நான்தானே. சொன்னேன்.

"அப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும் சார். பேசறதுக்கு அவங்களுக்கு மூச்சு பத்தல."

மாடி ஏற முடியவில்லை என்று சொல்ல உனக்குக் கூச்சமாக இருந்ததா? என்மேல் கோபமும் கொஞ்சம் இருந்ததா? இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

நீ போனதிலிருந்து மாமா எங்களோடுதான் இருக்கிறார். லிஃப்ட் ஓடுகிறது. உன் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று விறகு தள்ளிய மனுஷன், அவருக்கும் அதே நோய். இந்தப் போகிக்கு ஜிஎஸ்டி ரோடே தெரியாத அளவுக்குப் புகை. ஜன்னலையெல்லாம் சாத்தித்தான் வைத்திருந்தோம். மறுநாள் பொங்கல் அன்று எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார். என் பழைய புத்தி எங்கே போகும்? காபியில் சர்க்கரை போடாததற்கு முறைத்துக்கொண்டார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரில் உட்கார்ந்து, நேற்று என்ன சாப்பிட்டீர்கள், முழுசாகச் சொல்லுங்கள் என்றேன். "இட்லி... அப்பால..." என்று நிறுத்தி மூச்சு வாங்கினார். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி பம்ப் கொடுத்துக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். சரியான நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்றார்கள். சில நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

திரும்பி வரும்போது காரில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவளுக்கும் இப்டித்தான் இருந்துச்சா மச்சான்?" என்று கேட்டார். அவர் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதுமே, உன்னையும் இப்படிக் கூட்டி வந்திருக்கலாமே என்று இன்னும் மனசு ஆறவில்லை.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். இனி நம் வீட்டில் யார் பேச்சைக் குறைத்தாலும் போனை வைத்துவிட்டு நேரில் போவேன். மூச்சு முட்டுகிறது என்றால் அப்போதே தூக்கிக்கொண்டு ஓடுவேன். வெறும் கோபமாகவே இருந்தாலும் போவேன், அக்கா.

உன் கூடப் பிறந்த ரோஷக்காரன்,
பாபு