ரோட்டோரப் பூண்டும் நான் எழுதிய மழையும்

என் பொறாமைக்கெல்லாம் சொந்தக்காரரான அன்பு மச்சானுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் ஆறுமுகம் எழுதுகிறேன். வருகிற ஆடியோடு நீங்கள் போய் ஒரு வருசம். திதிக்கு வருகிற உறவுமுறைக்குக் கொடுக்கப் பக்கத்துச் சித்தூர் அச்சாபீசில் நோட்டீஸ் அடிக்கக் கொடுத்திருக்கிறோம். முன்பக்கம் உங்கள் படம். உள்பக்கம் படித்த ஆள் யாரையாவது பிடித்து நாலு வரி கவிதை வாங்கிப் போடலாம் என்றார்கள். சரோஜா ஒத்துக்கொள்ளவில்லை. "அதெல்லாம் வேண்டாங்க. நீங்களே எழுதுங்க. பொய்யில்லாம எழுதுங்க" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்பது உறவுக்காரர்களுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. மூட்டையில் சொத்தைப் பூண்டு இருந்தால் அடியில் போட்டு மறைக்கிற வியாபாரி நான் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன். ஒரே ஒரு தரம் மறைத்தேன். அது உங்களிடம்.

முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன். எல்லாம் உங்கள் படக் கார்டுகளில் ஆரம்பித்தது.

அமெரிக்காவில் இஞ்சினியர் வேலைக்குப் போனீர்கள். போன மறுவருசமே கார் வாங்கினீர்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் உங்கள் சம்சாரமான அக்காவையும் இரண்டு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். கோயிலுக்கா, கல்யாணத்துக்கா? இல்லை. ரோட்டோரத்துப் பொம்மைகளைப் பார்க்க. ஒரு கார்டில் சிமெண்டில் செய்த ராட்சசப் பல்லி, பனைமர உசரம், அதன் வயிற்றுக்குள் கடை. ஒன்றில் எவனோ ஒரு குடியானவன் வருசக்கணக்காகச் சணல் கயிற்றைச் சுற்றிச் சுற்றிக் குடிசை அளவுக்கு உருட்டி வைத்த உருண்டை. இன்னொன்றில் செருப்பு மாதிரியே கட்டின வீடு.

அந்தச் செருப்பு வீட்டை டீக்கடையில் எல்லோரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். "நாம செருப்பைக் கழட்டிப்போட்டு ஊட்டுக்குள்ள போறோம். அங்க செருப்புக்குள்ளயே போறாங்க. அதான் அவிங்க முன்னேறிப்போட்டாங்க" என்றார் பஞ்சாயத்து மெம்பர். அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

என் பூண்டு மண்டியில் மூட்டை கட்டி மிஞ்சின சணலைச் சேர்த்திருந்தால் அதைவிடப் பெரிய உருண்டை நான் உருட்டியிருப்பேன் மச்சான். எனக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான்.

நானும் ஊர் சுற்றுகிறவன்தானே? எட்டாம் வகுப்போடு நின்று, வட்டவடை மலையில் பூண்டு மூட்டையைத் தலையில் சுமந்து ஜீப்பில் ஏற்றின கூலிக்காரன், இன்று அதே மலைக்கு என் சொந்த ஜீப்பில் வாரம் ஒரு நடை போய் வருகிறேன். உடுமலை, சின்னாறு, மறையூர், மூணாறு என்று எத்தனை வளைவு, எத்தனை பள்ளம். சின்னாற்றில் யானை வழிமறித்து மூன்று மணி நேரம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்ததை வந்து சொன்னால் சரோஜா, "சோத்தை உண்டுபோட்டுச் சொல்லுங்க, ஆறிப்போகுது" என்பாள். உங்கள் கார்டு வந்த அன்று அதே சோறு அடுப்பில் கருகும். அவளுக்குக் கருகல் வாசம்கூடத் தெரியாது.

ஒரு தரம் வீம்புக்கு எங்கள் மகள் வசந்தாவை மறையூருக்குக் கூட்டிப் போனேன். ஆதிகாலத்து ஆட்கள் பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடிக் கட்டின முனியறைகளைக் காட்டினேன். "பாத்தியா சாமி, இது உங்க மாமன் ஊர்ல இருக்குமா?" என்றேன். பிள்ளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள கடை இல்லீங்களாப்பா?" என்றது.

என்னை எரித்தது பொம்மை இல்லை, காரும் இல்லை. ஒன்றுக்கும் உதவாத ஒன்றைப் பார்க்க ஒரு மனுசன் வேலையைப் போட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளையோடு நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறானே, அந்தத் துணிச்சல். நான் சரோஜாவைக் கூட்டிக்கொண்டு காரியம் இல்லாமல் எங்கேயும் போனது கிடையாது. அவள் கேட்டதும் இல்லை. அடுப்படிச் சுவரில் உங்கள் கார்டுகளை வரிசையாக ஒட்டி வைத்துக்கொண்டு அதிலேயே போய் வந்துவிடுவாள்.

அதனால்தான் என் மண்டிக்கு முன்னால் ரோட்டோரத்தில் நானே ஒன்று செய்வது என்று முடிவு செய்தேன். பொள்ளாச்சிப் பக்கம் கோயில் குதிரை செய்கிற சுதை வேலைக்காரர் பெரியசாமியைக் கூட்டி வந்தேன்.

"என்ன செய்யோணுமுங்க?"

"பூண்டு. பத்தடி உசரம்."

"வாகனமுங்களா, பீடமுங்களா?"

"ரெண்டும் இல்லீங்க. சும்மா நிக்கோணும். போறவங்க வர்றவங்க பாக்கோணும்."

"பாத்து?"

"பாத்துச் சிரிச்சுப்போட்டுப் போவாங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சிரிக்கறதுக்கா இத்தனை சிமெண்டு?" என்றார். ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

கம்பி கட்டி, சாக்குச் சுற்றி, பாதி எழும்பியிருந்தது. பார்த்தால் சரிந்த வைக்கோல் போர் மாதிரி இருக்கும். போன வருசம் வைகாசிக் கடைசியில் உங்கள் கடிதம் வந்தது. தோட்டத்து வீட்டுக்குத் தபால்காரர் வரமாட்டார், எல்லாத் தபாலும் மண்டிக்குத்தான். நான்தான் பிரித்தேன்.

இந்த லீவுக்குக் காரை எடுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். குழந்தைகளோடு ஊருக்கு வரலாம் என்று இருப்பதாகவும், சரோஜாவைப் பார்த்து ஏழு வருசம் ஆயிற்று என்றும், ஒரு வரி பதில் போட்டால் டிக்கெட் எடுத்துவிடுவதாகவும்.

மச்சான், அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து அந்தப் பாதிப் பூண்டைப் பார்த்தேன். உலகத்துப் பொம்மையெல்லாம் பார்த்த மனுசன் வந்து இறங்கி, "இதென்ன மாப்ளே, வைக்கோல் போரா?" என்று கேட்டால்? அதைச் சரோஜாவும் கேட்டுச் சிரித்தால்? அதற்கு மேல் யோசிக்கவில்லை. உள்ளே போய்ப் பதில் எழுதினேன். இங்கே பேய்மழை, மலைப்பாதை சரிந்து கிடக்கிறது, குழந்தைகளுக்கு ஆகாது, தை மாசம் வாருங்கள் என்று. சரோஜாவிடம் உங்கள் கடிதத்தையும் சொல்லவில்லை, என் பதிலையும் சொல்லவில்லை.

அந்த வருசம் நம் ஊர் எருத்தேன்பதியில் தூறல்கூட இல்லை. கிணற்றில் தவளை கத்தவில்லை. மேற்கே எவ்வளவு கொட்டினாலும் நம் கிழக்குப் பக்கத்துக்குக் காற்றுத்தான் வரும் என்று அந்த மண்ணில் பிறந்த உங்களுக்குத் தெரியாதா? தெரியாமல் நம்பினீர்களா? இல்லை, மாப்பிள்ளை ஒன்று சொன்னால் காரணம் இருக்கும் என்று விட்டுக்கொடுத்தீர்களா? ஒரு வருசமாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆடி முதல் வெள்ளியில் பூண்டு முடிந்தது. பல்லுப் பல்லாகப் புடைத்து, வெள்ளையடித்து, மேலே தாள் உரிகிற மாதிரி ஊதாக் கோடு போட்டு, நிஜமாகவே அழகாக இருந்தது. பெரியசாமி கூலியைக் கையில் வாங்கவில்லை. "பூசை போடாம வேலையை ஒப்படைச்சா எனக்கு ஆகாதுங்க" என்றார். "பூண்டுக்கு எதுக்குங்க பூசை?" என்றேன். "பூண்டுக்கில்லீங்க, என் கைக்கு" என்றார். சரி, போகட்டும் என்று விட்டேன். தேங்காய் உடைத்தார், கற்பூரம் காட்டினார், அடியில் மூன்று பட்டை விபூதி இழுத்தார்.

மறுநாள் காலையில் சித்தூர் பஸ் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார். அதற்கடுத்த நாள் இரண்டு பொம்பளைகள் மஞ்சத்துணி கட்டினார்கள்.

இதை எப்படித் தடுப்பது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போது தந்தி வந்தது.

ஏதோ ஒரு ஊரில் காரை நிறுத்திக் குழந்தைகளைப் படம் பிடித்துவிட்டு, நெஞ்சு அடைக்கிறது என்று பெஞ்சில் உட்கார்ந்தீர்களாம். எழுந்திருக்கவில்லையாம். அக்கா பின்னால் எழுதினாள். காரியமெல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது. சரோஜா உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்காவின் கடிதத்துக்காக அவள் தினமும் மண்டியில் வந்து உட்கார ஆரம்பித்தாள். பதினோராம் நாள் தபால்காரர் அவள் கையிலேயே ஒரு கார்டைக் கொடுத்தார். அது அக்கா எழுதினது இல்லை. நீங்கள் எழுதினது. தந்தி முந்திவிட்டது, கார்டு மெதுவாக வந்தது. படத்தில் தென்னை உசரத்துக்குக் கோடாலி பிடித்த மர ஆள். பின்னால் உங்கள் கையெழுத்து: "சரோஜா, ஊரில் மழை பலம் என்று மாப்பிள்ளை எழுதினார். அதனால் இந்த வருசமும் எங்களுக்குப் பொம்மைதான். தையில் வருகிறோம்."

இரண்டு தரம் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, எந்த மழைங்க?"

"மூணாத்துப் பக்கம்…"

"மூணாத்துல பேஞ்சா எருத்தேன்பதிக்கு வரக்கூடாதுங்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. வெளியே யாரோ கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்கு ஒரு பூண்டு முடியோணும். எனக்கு எங்கண்ணன் மொகத்தைப் பாக்கோணும். இதுல எது பெருசுன்னு தெரியாமத்தான் இத்தனை வருசம் வியாபாரம் பண்ணுனீங்களாக்கு?"

மன்னிச்சுக்க என்றேன். "எங்கிட்ட எதுக்குங்க? அண்ணங்கிட்டச் சொல்லுங்க. நாலு பேர் பாக்கச் சொல்லுங்க" என்றாள். அன்றோடு அந்தப் பேச்சை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதெல்லாம் அரிசி தீர்ந்தது, ஆள் வந்தது, அவ்வளவுதான்.

சொல்லிவிட்டேன் மச்சான், நாலு பேர் படிக்கிற இந்த நோட்டீசிலேயே. வரவேண்டாம் என்று எழுதியது நான். மழை இல்லை. பொறாமைதான் பெய்தது.

இங்கத்துச் சேதியும் கேளுங்கள். பூண்டு இப்போது சாமி. விரதத்துக்குப் பூண்டு சேர்க்காத வீட்டுக்காரர்கள்கூட இறங்கிச் சுற்றி வருகிறார்கள். கண்டக்டர்கள் என் மண்டிப் பேரைச் சொல்வதில்லை, "பூண்டுச்சாமி இறங்கு" என்கிறார்கள். என் கடைக்கு முன்னால் நானே செருப்புப் போட முடியாது. "சாமிக்கு எதிர்க்கவே பூண்டை எடை போடறீங்களே, நல்லாவா இருக்குதுங்க?" என்று போன வாரம் ஒரு அம்மா சண்டைக்கு வந்துவிட்டாள்.

நீங்கள் அத்தனை ஊர் ஓட்டிப்போய்ப் பார்த்த பொம்மைகளில் ஒன்றையாவது யாராவது கும்பிட்டார்களா? இந்த ஒன்றில் உங்களை ஜெயித்துவிட்டேன். சொல்லிச் சிரிக்கத்தான் நீங்கள் இல்லை. கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான்.

பொறாமை போய்விட்டதா என்றால் போகவில்லை. காலையில் உங்கள் படத்துக்குப் பூ வைத்துவிட்டுச் சரோஜா மெதுவாக ஏதோ பேசுகிறாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கிறேன். உயிரோடு இருக்கிற எனக்குக் கிடைக்காத பேச்சு, படத்துக்குக் கிடைக்கிறது. அது எனக்குத் தகும், தெரியும். தெரிந்தும் எரிகிறது.

போன வியாழக்கிழமை உங்கள் மூத்த பையன் கையெழுத்தில் சரோஜா பேருக்கு ஒரு கடிதம் மண்டிக்கு வந்தது. கனமாக இருந்தது. நான் பிரிக்கவில்லை. வேலையை அப்படியே போட்டுவிட்டு, ஜீப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய் அவள் கையில் கொடுத்தேன். உறையைத் திருப்பி ஒட்டு பிரியாமல் இருக்கிறதா என்று பார்த்தாள். உள்ளே போய்ப் படித்தாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டுப் போட்டுப் போங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அக்காவும் குழந்தைகளும் வருகிறார்களா, எப்போது வருகிறார்கள், என்னைப் பற்றி ஏதாவது இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. இன்றோடு ஆறு நாள். தலை வெடிக்கிறது.

கேட்கமாட்டேன் மச்சான். அவளாகச் சொல்கிற வரைக்கும் கேட்கமாட்டேன். அவள் பேருக்கு வருகிற எதையும் இனி நான் பிரிக்கவும் மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்கள் கூடப்பிறந்தவளைக் கட்டிய
மாப்பிள்ளை,
ஆறுமுகம்