'மெமரி சரி' என்று நீ ஒட்டிய ஸ்டிக்கர்

யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாமலே போய்விட்ட என் பாசமுள்ள சரவணன் அண்ணனுக்கு,

நீ செத்து இன்றோடு முப்பது நாள். 'இறைவனடி சேர்ந்தார்' என்று சொந்தக்காரர்கள் பூப்படம் போட்டு அனுப்பினார்கள். எனக்கு அப்படியெல்லாம் எழுத வராது. உன்மேல் கோபமாக இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

நம் புக்கிட் பாத்தோக் வீட்டு அறையில் உன் பாதி அப்படியே கிடக்கிறது. கட்டிலுக்கு அடியில் நீ விட்டுப்போனது ஒன்பது பழைய லேப்டாப். ஏதோ அலுவலகங்கள் வேண்டாம் என்று தள்ளியதை நீ தூக்கிக்கொண்டு வருவாய். உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் சிஸ்டத்தைப் போட்டு, இங்கே கட்டுமான வேலைக்கு வந்திருக்கிற ஊர்க்காரர்களுக்குச் சும்மா கொடுப்பாய். "நல்லாத்தானடா ஓடுது, இதப் போய் யாராச்சும் குப்பையில போடுவாங்களா?" என்பாய். நல்லா ஒன்றும் ஓடவில்லை அண்ணே. ஒரு பக்கம் திறக்க ஒரு கோப்பி குடித்துவிட்டு வரலாம். அந்த மெஷின்களுக்காக உன் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் போனது. மூன்று தடவை பாலிகிளினிக் அப்பாயின்ட்மென்டைத் தள்ளிப் போட்டாய். கேட்டால், "ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க லா."

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் எல்லாவற்றையும் கழித்துக்கட்டுவது என்று முடிவு செய்திருந்தேன். அன்றைக்கே பழனி அண்ணன் வந்துவிட்டார்.

உனக்குத் தெரிந்தவர்தான். ஜூரோங் பக்கம் சைட்டில் வேலை, புதுக்கோட்டைக்காரர். உன் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், கிளம்பப் பார்த்தார். லேப்டாப் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாதான் பிடித்துக்கொண்டார்கள்.

"தம்பி, உங்களுக்கு ஏதோ பரிட்சைன்னு சரவணன் சொல்லிக்கிட்டு இருந்தானே?"

"அதை விடுங்கம்மா. இந்த நேரத்துல போய்."

"எப்ப பரிட்சை?"

"அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம காலையில. கேமராவப் போட்டுக்கிட்டு லேப்டாப்புல எழுதணும். ஃபோன்ல எழுத விடமாட்டாங்களாம்."

மெதுவாகத்தான் மீதி வந்தது. அவருடைய முதுகு போய்விட்டது. இனி கம்பி தூக்க முடியாது. பாதுகாப்பு சூப்பர்வைசர் பரிட்சையில் பாஸானால் கம்பெனி வைத்துக்கொள்ளும், இல்லையென்றால் வேலை பெர்மிட் முடிந்ததும் ஊருக்கு. ஊரில் இந்த முதுகை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவர் கேட்கவில்லை. நான்தான் எனக்குள்ளே கேட்டுக்கொண்டேன், எரிச்சலோடு.

"கதிரு செஞ்சு குடுப்பான்" என்றார்கள் அம்மா.

"எனக்கு லீவு முடிஞ்சிடுச்சும்மா."

"அண்ணன் ஒத்துக்கிட்டானா இல்லியா?"

ஒத்துக்கொண்டது நீ. மாட்டிக்கொண்டது நான். நீ உயிரோடு இருந்தபோதும் இதுதானே நடந்தது?

பழனி அண்ணனுக்கான லேப்டாப்பைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. மூடியில் உன் கோணல் கையெழுத்தில் ஒரு ஸ்டிக்கர்: 'பழனி அண்ணன். டிஸ்க் சரி. மெமரி சரி.' பாக்கி இருந்தது லினக்ஸ் ஏற்றுவது மட்டும். அரை மணி நேர வேலை. நான் இதையே படித்துவிட்டு இதையே சம்பளத்துக்குச் செய்கிறவன்.

முதல் தடவை பாதிக்குமேல் போய் நின்றது. யூஎஸ்பி சரியில்லை என்று வேறு யூஎஸ்பி மாற்றினேன். இரண்டாவது தடவை ஆரம்பத்திலேயே நின்றது. இறக்கிய ஃபைல் பழுதோ என்று சரிபார்த்தேன், பழுதில்லை. இன்னும் பழைய, இன்னும் லேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டேன். முக்கால்வாசி போய், திரை உறைந்தது. டிஸ்க்கைக் கழற்றி வேறு டிஸ்க் மாட்டினேன். கடைசி நிமிடம் வரை போய்ச் செத்தது. ஆபீஸ் விட்டு வந்து தினமும் இதே வேலை. வெள்ளிக்கிழமைக்குள் ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் உன் படத்தைப் பார்த்துத் திட்டினேன். அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், தடுக்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் செத்தால் மெமரியைப் பார்க்க வேண்டும். முதல் வருஷப் பையனுக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நீ 'மெமரி சரி' என்று எழுதியிருந்தாய். டெஸ்ட்டை எட்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்காமல் நீ அதை எழுதியதே கிடையாது. இந்த வீட்டில் நான் சரிபார்க்காமல் நம்புகிற ஒரே விஷயம் உன் ஸ்டிக்கர்தான். அதனால் மிச்ச எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தேக்கா கடைத்தெருவுக்குப் போனேன், பழனி அண்ணனிடம் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல. இந்தக் குடும்பத்தில் ஒருத்தனாவது அதைச் சொல்லட்டுமே என்று. சிராங்கூன் ரோட்டில் கூட்டம் முட்டியது. அவர் ஒரு ஃபோன் ரிப்பேர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"பழனிண்ணே, இது தேறாது. ஏழு தடவ போட்டுப் பாத்துட்டேன். எங்கண்ணன் உங்ககிட்ட சும்மா வாக்குக் குடுத்துட்டான்."

அவருக்கு முகம் விழுந்தது. ஆனால் மறுத்துப் பேசினார். "சரவணன் தம்பி அப்படிச் சொல்லலியே. நீங்கதான் டெஸ்ட் பாக்குறீங்கன்னு சொன்னாரே."

"நானா? எப்ப?"

ஃபோனை எடுத்தார். நீ கடைசியாக அவருக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். சத்தத்தைக் கூட்டி என் காதுப் பக்கம் வைத்தார்.

"பழனிண்ணே, எனக்கு இன்னைக்கு முடியல, படுக்கறேன். மெமரி டெஸ்ட்ட என் தம்பிகிட்ட ஒப்படைச்சிட்டேன். அவன் பாத்தா என்னவிட கரெக்டா இருக்கும். வாய்தான் கொஞ்சம் மோசம், ஆள் கில்லாடி. ஸ்டிக்கர் ஒட்டியாச்சு, காலையில வந்து வாங்கிக்குங்க."

காலையில் நீ எழுந்திருக்கவில்லை.

அந்தக் கடை வாசலில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. நீ போவதற்கு முந்தின ராத்திரி, அந்த வியாழக்கிழமை, நீ வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றாய். நான் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வேலையில் இருந்தேன். "டேய், மெமரி டெஸ்ட் மட்டும் ஓட விட்டுடறியா? எனக்கு ஒரு மாதிரி இருக்கு." நான் திரும்பவில்லை. 'ம்' என்றேன். நீ எப்போது என்ன கேட்டாலும் நான் சொல்கிற 'ம்'. அதை நம்பி ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிட்டுப் போய்ப் படுத்தாய். நீ ஒட்டியதை நம்பி நான் ஏழு தடவை முட்டிக்கொண்டேன். டெஸ்ட்டை யாருமே ஓடவிடவில்லை.

கடைக்காரரிடம் ஒரு பிளக் பாயின்ட்டும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் கேட்டு வாங்கி, பையில் கிடந்த யூஎஸ்பியைச் செருகி அங்கேயே டெஸ்ட்டைப் போட்டேன். நாலு நிமிடம்கூட ஆகவில்லை, திரை பூரா பிழை காட்டுகிற சிவப்புக் கோடு. உள்ளே இரண்டு மெமரித் துண்டு இருந்தது. ஒன்றைக் கழற்றினேன். சிவப்பு நின்றது. மிச்சம் இருந்த ஒன்றை வைத்துக்கொண்டு லினக்ஸ் ஒரே மூச்சில் ஏறியது. கேமராவைத் திறந்தேன். பழனி அண்ணன் முகம் திரையில் வந்ததும் அவசரமாகச் சட்டைக் காலரைச் சரி பண்ணினார்.

"தம்பி, நாளைக்குப் பாதியில நின்னுடாதுல்ல?"

"நிக்காது. பாத்துட்டுத்தான் சொல்றேன்." நிஜமாகவே பார்த்தேன். கடை சாத்துகிற வரைக்கும் டெஸ்ட்டை ஓடவிட்டு, அவரையும் அங்கேயே உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். எரிந்து விழுந்துகொண்டேதான்.

பாஸ். முந்தாநாள் ரிசல்ட் வந்தது. பழனி அண்ணன் நம் அம்மாவுக்கு ஃபோன் போட்டு ஒரே அழுகை. அம்மாவும் இந்தப் பக்கம் அழுகை. நான் வெளியே போய்விட்டேன்.

அந்த லேப்டாப்புக்காக நான் உன்னைத் திட்டியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மற்றதை வாங்கமாட்டேன். 'ஒரு மாதிரி இருக்கு' என்றால் என்ன அர்த்தம்? ஒரு மெஷின் இப்படி எரர் மெசேஜ் கொடுத்தால் அதைச் செய்தவனை நாம் என்னவெல்லாம் சொல்லியிருப்போம்? நெஞ்சு வலிக்குது என்று சொல்லியிருக்கலாமே. என் ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்திருக்கலாமே. ஊரில் இருக்கிறவன் முதுகுக்கெல்லாம் வழி பார்த்தாய், உன் நெஞ்சுக்கு ஒரு முழு வாக்கியம் கிடைக்கவில்லையா? கத்தியிருந்தால் திரும்பியிருப்பேன் அண்ணே. திரும்பியிருப்பேனா?

நான் சொன்ன அந்த ஒரே 'ம்' உன் இரண்டு வாக்கியத்துக்கும் சேர்த்துத்தான் போயிருக்கிறது. டெஸ்ட்டுக்கான பாதியைத் தேக்காவில் சரி பண்ணிவிட்டேன். மறுபாதியை என்ன பண்ணுவது என்று தெரியவில்லை. மன்னிப்பு கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், திட்டிக்கொண்டே போகிறேன்.

நேற்று சமையலறையிலிருந்து அம்மா, "டேய், எனக்கு ஒரு மாதிரி இருக்குடா" என்றார்கள். அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பைத் தேட விடாமல் டாக்ஸியில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன். இசிஜி எடுக்கச் சொல்லி அடம் பிடித்தேன். எடுத்தார்கள். வெறும் வாயு. "பருப்பு தீஞ்சு போச்சு, வெறுங்காலோட இழுத்துக்கிட்டு வந்துட்டான், பைத்தியக்காரன்" என்று அம்மா வீடு வரைக்கும் திட்டிக்கொண்டு வந்தார்கள். கேட்க நன்றாக இருந்தது.

உன் ஒன்பதில் மிச்சம் எட்டு. எட்டையும் முடித்துக் கொடுப்பேன், ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட்டை நானே முழுக்க ஓடவிட்டு. அதற்குமேல் ஒன்றுகூட எடுக்கமாட்டேன், முடியாது என்று சொல்லிவிடுவேன். ஆனால் இனி இந்த வீட்டில் யார் 'ஒரு மாதிரி' என்றாலும், வெறும் வாயுவாகவே இருந்தாலும், நூறு தடவையானாலும், எழுந்து போவேன். இது வாக்கு. நான் கொடுப்பது கம்மி, உனக்கே தெரியும்.

திரும்பிப் பார்க்காத,
உன் ஒரே தம்பி
கதிர்