பின்சீட்டில் டத்தின்

என் அன்பு டத்தினுக்கு,

உன் குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து சீக்கிரம் கிளம்பிய அன்று, "நாளைக்கு எடுத்துட்டு வா, டிரைவர்" என்று என் கையில் திணித்துவிட்டுப் போனாய். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். டெங்கி என்று தெரிந்தபின் நீ ஒரு வாரம்கூட இருக்கவில்லை.

யமுனா, பள்ளி கேட்டிலிருந்து வகுப்பு என்ன அவ்வளவு தூரமா? அதற்கே உனக்குக் குடை வேண்டும். உயரமானவள் என்பதால் அதைப் பிடிப்பது நான். கிள்ளான் வெயிலில் எல்லாரும் வேர்த்து வழிந்து வர, நீ மட்டும் நிழலில் ஆடி அசைந்து வருவாய். "டேய், டத்தின் வராங்க, வழி விடுங்க லா!" என்று நம் வகுப்பு பிரகாஷ்தான் முதலில் கத்தினான்.

சுல்தான் கொடுக்கும் டத்தோ பட்டம் வாங்கியவரின் மனைவியைத்தான் இந்த ஊரில் டத்தின் என்பார்கள். உனக்கு ஒரு குடையே போதுமாக இருந்தது. நீ மட்டும் சும்மா விடுவாயா? "டிரைவர், இவன் பேர எழுதிக்க. இந்த வருசம் இவனுக்கு போனஸ் கட்" என்றாய். அன்றோடு கோகிலா என்ற என் பெயரும் போயிற்று.

ஒருநாள் உன்னை அழைத்துப்போக உன் அம்மா வந்திருந்தார். ஷா ஆலம் தொழிற்சாலைச் சீருடையோடு நின்றவர் காதில் பிரகாஷ் கத்தியது விழுந்துவிட்டது. "நாங்க பெக்டரிக்குப் போற ஆளுங்கதான். அதுக்காக எம்பொண்ண இப்படிக் கிண்டல் பண்ணுவீங்களா?" என்றார். முகம் சிவந்திருந்தது. "அம்மா, சும்மா விளையாட்டு லா" என்று சிரித்துவிட்டு, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் அவரோடு போய்விட்டாய்.

உனக்கும் உள்ளுக்குள் வலித்ததா? மறுநாள் கேட்க நினைத்தேன். நீயோ குடையை நீட்டி, "லேட்டு. சம்பளம் கட்" என்றாய். கேட்காமலே போய்விட்டது.

உன் சாவு வீட்டில் பிரகாஷ் உன் தலைமாட்டில் நின்று வாயைத் திறந்தான், மூடினான். யமுனா என்று அவன் உன்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. டத்தின் என்று கூப்பிட, அம்மாவின் எதிரில் எங்கள் யாருக்கும் தைரியம் வரவில்லை. பெயர் சொல்லி அழக்கூட முடியாமல் நின்றோம்.

ஒரு செய்தி சொல்லட்டுமா? லைசென்ஸ் எடுத்துவிட்டேன். லைசென்ஸ் கிடைத்ததும் முதல் சவாரி உனக்குத்தான், அதுவும் பின்சீட்டில்தான் என்று சொல்லிவைத்திருந்தாயே.

போன வாரம் அம்மா போன் செய்தார். உன் ஓராண்டு நினைவுக்குச் சட்டம் போடக் கொடுத்த படம் பிரிக்பீல்ட்ஸ் கடையில் தயாராக இருந்ததாம். "படம் பெரிசும்மா, டிரெயின்ல தூக்கிட்டு வர முடியாது. நீ காடி ஓட்டுறியாமே?" என்றார். அப்பாவின் பழைய காரில் கூட்டிப்போனேன். இரண்டு பக்கமும் லோரி. பயத்தில் ஊர்ந்துகொண்டே போனேன்.

படத்தை வைக்கப் பின்பக்க மூடியைத் திறந்தேன். "அங்க வேணாம்மா" என்றார். பின்கதவைத் திறந்து, இடப்பக்க சீட்டில் உன்னைச் சாய்த்து வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டினார். பிறகு முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டத்தின் உக்காந்துட்டா. போலாம், டிரைவர்."

"ஆன்டி..." என்று இழுத்தேன்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுது சண்ட போட்டாம்மா. 'எங்க பிரண்ட்ஸ் குடுத்த பட்டத்த நீ ஏன்மா புடுங்குற'ன்னு. அதுக்கப்புறம் என்னைய பெரிய டத்தின்னுதான் கூப்புடுவா. வெளிய யாருக்கும் சொல்லாதன்னு அதட்டி வச்சிருந்தேன். இப்ப கூப்புட ஆளில்ல."

பார்க்கிங்குக்குக் காத்திருந்த யாரோ பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் இருவரும் அழுது முடிக்கும்வரை கார் நகரவில்லை.

இனி அம்மா எங்கே போகவேண்டும் என்றாலும் நான் கூட்டிப்போவேன், யமுனா. வாசலில் போய் நின்று, தெருவே கேட்கும்படி "பெரிய டத்தின், காடி ரெடி!" என்று கூப்பிடுவேன். அதட்டினாலும் நிறுத்தமாட்டேன்.

உன் கூடப்பிறக்காதவள்,
டிரைவர் கோகிலா