அருவிப் படம் ஒட்டிய தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் இலத்தூர் போகிற வழியில் ஒரு புது மனைப்பிரிவைப் பார்க்க என்னைக் கூட்டிப் போனார்கள். முன்பு நெல் விளைந்த வயல். இப்போது சரள் அடித்து, எல்லைக்கல் நட்டு, நடுவில் மேடை கட்டி ஒரு சின்னக் கறுப்புத் தொட்டியை ஏற்றி வைத்திருக்கிறார்கள். மனை விற்கிற தம்பி தொட்டிக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து என்னிடம் நீட்டினான்.

"குடிச்சுப் பாருங்கம்மா. இங்கன போட்ட போர்தான். மலையடி ஊத்துல்லா, அப்படியே அருவித் தண்ணி."

மகள் ஏற்கெனவே குடித்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் வாயருகே கொண்டு போனேன். லேசாகப் பிளீச்சிங் பவுடர் வாடை. பூமிக்குள்ளிருந்து நேரே வருகிற தண்ணீரில் இந்த வாடை எப்படி வரும்? அந்த நிமிஷம் உன் நினைப்பு வந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

காக்கியைக் கழற்றிய பிறகும் உனக்குப் போலீஸ்காரி புத்தி போகவில்லை. கல்யாண வீட்டில் பாயசம் கொடுத்தால்கூட "எந்தத் தண்ணியில வச்சது?" என்று கேட்டு என் மானத்தை வாங்குவாய். எதிர் வீட்டில் குடியிருந்த பாவத்துக்கு உன்னோடு எல்லா இடத்துக்கும் நான்தான் வர வேண்டியிருந்தது. "எங்கன இருந்து வந்துதுன்னு தெரியாத ஆளையும் நம்பாதே, தண்ணியையும் நம்பாதே, கேட்டியா" என்பாய். டெலிபோன் ஆபீஸில் உட்கார்ந்தே காலம் தள்ளிய எனக்கு அதெல்லாம் வேடிக்கையாக இருந்தது.

தென்காசியில் நம் தெரு அப்போது நீண்டுகொண்டே போனது. மாடிக்கு மேல் மாடி, வீட்டுக்கு வீடு போர், போட்ட இடமெல்லாம் உப்பு. குடிக்கக் குழாயில் தாமிரபரணித் தண்ணீர் வந்தது, நினைத்த நாளில் வரும், நினைத்த நாளில் நிற்கும். தெருவில் யாரும் அதை மதிக்கவில்லை. குற்றாலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கிருந்தோ குழாயில் வருகிற தண்ணீரை மருந்து வாடையோடு குடிப்பதா என்று ஒரு வீம்பு. அதில் துணி துவைத்தோம், கனகாம்பரத்துக்கு ஊற்றினோம். குடிக்க மட்டும் கேன் வாங்கினோம். கேனில் அருவிப் படம் ஒட்டியிருக்கும். சாரல் அடிக்கிற மாதிரியே இருக்கும் அந்தப் படம். அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கவில்லை, நானும்தான்.

நீ கேட்டாய். ஒரு நாள் என் அடுப்படிக்கு வந்து இரண்டு சட்டியில் துவரம்பருப்பு போட்டாய். ஒன்றில் கேன் தண்ணீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, நல்ல தண்ணீரில் பூவாக வெந்துவிடும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். இரண்டும் ஒன்றுபோல வெந்தன. எனக்குச் சந்தோஷம். உனக்கு முகம் மாறிவிட்டது.

"ஏட்டி, ரெண்டும் எப்படி ஒண்ணு போல வேகும்?"

"நல்ல தண்ணின்னா வேகத்தானே செய்யும்?"

"நல்ல தண்ணி சரி. யாரு தண்ணி?"

மறுநாள் புதுக் கேனைத் திறந்தவுடன் மூக்கை வைத்துப் பார்த்தாய். என்னையும் வைக்கச் சொன்னாய். குழாய்த் தண்ணீரின் மருந்து வாடை துளி இருந்தது. ஊற்றி வைத்தால் போய்விடுகிற வாடை. அதற்குப் பிறகு உன்னைப் பிடிக்க முடியவில்லை. கேன்காரன் வண்டி காலியாகத் திரும்பும்போது, உன் ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு துரத்தினாய். வண்டி குற்றாலம் ரோட்டுப் பக்கமே திரும்பவில்லை. ஊரைத் தாண்டி, தாமிரபரணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டு வருகிற பெரிய குழாய் போகிற ரோட்டோரம் நின்றது. குழாய்க்குள் அடைபடும் காற்று போவதற்கென்று அங்கே ஒரு வால்வு உண்டு. அதிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அவன் ரப்பர் குழாயைச் சொருகி நிதானமாகக் கேன்களை நிரப்பினான்.

நீ போய் முன்னால் நின்றாய். அவன் பதறவே இல்லை.

"ஆமாக்கா, இதான். உங்க வீட்டுக் குழாய்ல வாரதும் இதேதான். அதை நீங்க துணி துவைக்கல்லா வச்சிருக்கிய? நான் கேன்ல தந்தா குடிக்கிய. இதுல என் தப்பு என்னக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ சிரிக்கவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் ஒன்றையே கேட்டாய். "அந்த வால்வு தானா ஒழுகுதா, ஒழுக விட்டு வச்சிருக்காங்களா?" அன்று அந்தக் கேள்வி எனக்கு அதிகமாகப் பட்டது. இன்று அப்படித் தோன்றவில்லை.

தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னாய். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், இரண்டும் ஒன்றுதான் என்றாய். "போலீஸ்காரிக்கு எல்லாரும் திருடனாத்தான் தெரிவாங்க" என்று உன் காதுபடவே பேசினார்கள். மறுவாரமும் எல்லார் வாசலிலும் கேன் இறங்கியது. உன் வாசலிலும் என் வாசலிலும் மட்டும் இல்லை. அவர்கள் பேசியதைவிட அதுதான் உனக்கு வலித்தது என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது வீட்டிலிருந்து தண்ணீர் காய்ச்சிக் கொண்டு வந்து தந்தேன். எங்கே பிடித்தாய் என்று கேட்பாய் என நினைத்துப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். நீ கேட்கவில்லை. வாங்கிக் குடித்தாய். டாக்டர் கைவிரித்தபோதுகூட வராத பயம் எனக்கு அப்போது வந்தது. வெளியே போய் நின்று அழுதேன்.

மனைப்பிரிவுக்கு வருகிறேன். மகளும் மருமகனும் அந்தத் தம்பியோடு எல்லைக்கல் பார்க்கப் போனார்கள். அவர்கள் சேர்த்து வைத்ததெல்லாம் அந்த மண்ணில்தான் போகப் போகிறது. நான் தொட்டியடியில் தனியாக நின்றேன். நீயாயிருந்தால் என்ன செய்வாய் என்று யோசித்தேன். அதிக நேரம் ஆகவில்லை. குழாயை முழுக்கத் திறந்து விட்டேன். சரள் மேல் தண்ணீர் ஓடியது. தம்பி தூரத்திலிருந்தே ஓடி வந்தான்.

"அம்மா, தண்ணியை வீணாக்காதீங்கம்மா."

"ஊத்துத் தண்ணிதானே தம்பி, போனா போவுது. மோட்டாரைப் போடு, நிறையட்டும்."

"கரண்டு இல்லம்மா."

அவன் ஆபீஸ் அறைக்குள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மகளோடு பின்னாலேயே வந்திருந்த மருமகன் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் குழாயடியை விட்டு நகரவில்லை, யாரும் அதை மூடவில்லை. கொஞ்ச நேரத்தில் அது காற்றுவிட்டு, இருமி, நின்றுபோனது. பக்கத்து மனையில் வேலையாக இருந்த ஒரு பெண் தலையைத் தூக்காமலே சொன்னாள், "இங்கன போர்த் தண்ணி வாயில வைக்க முடியாதும்மா. ஆளு பாக்க வார அன்னிக்கு லாரி வந்து தொட்டியில விட்டுட்டுப் போவும்."

ஜெயித்த மாதிரி இருக்க வேண்டும் எனக்கு. இல்லை. காரில் மகள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள். பிறகு, "நீ அந்தப் போலீஸ் சித்தி மாதிரியே ஆயிட்டேம்மா" என்றாள். பாராட்டாகச் சொல்லவில்லை. பிறகு கேட்டாள். "சரிம்மா, இவன் பொய் சொல்லுதான். பொய் சொல்லாதவன் எங்கன மனை போட்டிருக்கான்னு சொல்லு, அங்கன வாங்குதோம்."

நான் வெளியே பார்த்தேன். வழி நெடுக இரண்டு பக்கமும் எல்லைக்கற்கள். இத்தனை வீட்டுக்கும் எந்த ஆறு வரும்? நீ இருந்தவரை சந்தேகப்படுவது நம் இருவருக்கும் ஒரு பொழுதுபோக்காக இருந்தது. தனியாகச் சந்தேகப்படுவது கஷ்டமாக இருக்கிறது. எல்லோரையும் கெட்டவராக நினைக்கிற கிழவி என்று ஆகிவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது.

நேற்று ராத்திரி மகளே போன் செய்தாள். "அந்த லாரி எங்கன போய்த் தண்ணி எடுக்குன்னு பாக்கணும்மா. காலையில வாரேன், கிளம்பி நில்லு."

ஸ்கூட்டரை அவள் ஓட்டுகிறாளாம். நான் பின்னால் உட்கார்ந்தால் போதுமாம்.